மொரீஸ் முடிக்காத பதினோரு போர்வைகள்

என் வீட்டுக்காரர் மொரீஸைப் பற்றிப் பேச வருகிறவர்கள் எல்லாரும் அவருடைய கைவேலையிலிருந்துதான் தொடங்குவார்கள். நான் அவருடைய நாற்காலியிலிருந்து தொடங்குகிறேன். பிரம்பு நாற்காலி, இரண்டு பக்கமும் அகலமான கைகள். ஒரு கையில் காப்பிக் கோப்பை இருக்கும், மறு கையில் கத்தரிக்கோல் இருக்கும், நடுவில் மொரீஸ் இருப்பார். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்கு எழுந்திருப்பார். சாப்பிட்டதும் மறுபடி அதிலேயே சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். கேட்டால் யோசிக்கிறாராம்.

அவர் காரைக்காலில் பிறந்தவர். புதுச்சேரியில் பட்டாளத்துக்கு மெத்தை தைக்கும் கொட்டகையில் தொழில் பழகி, 1912-ல் சைகோனுக்குக் கப்பலேறினார். ஏழு வருஷம் கழித்து ஊருக்கு வந்து, கன்னியாஸ்திரிகளின் தையல் கூடத்தில் வளர்ந்த என்னைக் கல்யாணம் செய்து அழைத்துவந்தார். தையல் தெரிந்த பெண்தான் வேண்டும் என்று கோயில் சாமியாரிடம் சொல்லியிருந்தாராம். அது ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. வந்து ஒரு மாதத்தில் நன்றாகவே விளங்கியது.

பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வைதான் அவர் தொழில். இந்த வெக்கையில் அதை யார் போர்த்துவார்கள் என்று நானும் கப்பலை விட்டு இறங்கிய அன்றே கேட்டேன். போர்த்துவதற்கு ஆள் இருந்தது. மலைக்கு, தலாத்துக்கு மாற்றலாகிப் போகும் வெள்ளைக்காரர்கள் வாங்கினார்கள். ரப்பர் தோட்டத்தில் குளிர்காய்ச்சல் பிடித்துத் திரும்பியவர்கள் வாங்கினார்கள். இங்கே பிழைக்க வந்த நம் புதுச்சேரி, காரைக்கால் ஜனங்களோ போர்த்தவே வாங்கவில்லை. பெண்ணுக்குச் சீர் வைக்கும்போது பிரெஞ்சுக்காரி வீட்டில் இருப்பதுபோல் ஒன்று இருக்க வேண்டும், அவ்வளவுதான். வேர்த்து விறுவிறுத்துச் சாகும் ஊரில் இரண்டு விரல் கனத்துக்குப் பஞ்சுப் போர்வையைக் கட்டிலில் விரித்துவைத்து, அதைத் தொடாமல் கீழே பாயில் படுக்கிற குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

அப்படிப்பட்டவர்களுக்கு மொரீஸ்தான் சரியான ஆள். துண்டுத் துணிகளை வெட்டி, நடுவில் எட்டுமுனை நட்சத்திரம் ஒன்று தைப்பார். அதில் குறை சொல்ல முடியாது. முனைக்கு முனை மயிரிழை பிசகாது. நட்சத்திரத்தைச் சுற்றிச் சிவப்புத் துணி. அதுவரை வந்ததும் நாற்காலிக் கையில் அதைத் தொங்கவிடுவார். வருகிறவர்கள் பார்த்து வாயைப் பிளப்பார்கள். அதோடு அவருக்கு அந்தப் போர்வை முடிந்துவிடும். பஞ்சு பரப்புவது, அடித்துணி கொடுப்பது, பஞ்சு நகராமல் குறுக்கும் நெடுக்கும் தையல் ஓட்டுவது, நாலு பக்கமும் ஓரம் மடித்து அடிப்பது எல்லாம் பாக்கி இருக்கும். ஒரு போர்வையில் முக்கால்வாசி வேலை அதுதான். எப்போது கிடைக்கும் என்று கேட்டால், "அடுத்த வெள்ளிக்கெழம வாங்க" என்பார். எந்த வெள்ளிக்கிழமை என்று அவர்களும் கேட்டதில்லை, இவரும் சொன்னதில்லை.

முதல் ஐந்து வருஷம் அவர் விட்டதையெல்லாம் நான்தான் முடித்தேன். ஒரு நாள் நம் புதுச்சேரிக்காரரான கோர்ட்டு குமாஸ்தாவின் மனைவி ஒடெட் வந்திருந்தாள். ஓரம் எவ்வளவு நேர்த்தியாக இருக்கிறது என்று அவள் விரலால் தடவிப் பார்த்தாள். மொரீஸ் காப்பியை உறிஞ்சிக்கொண்டே, "ஓரமா? அது எந்தப் பொம்பளையும் அடிப்பா. நட்சத்திரத்தப் பாருங்க மதாம். நான் அர்த்தீஸ்த்" என்றார். நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்து அவர் சொன்ன அந்த ஓரத்தைத்தான் அடித்துக்கொண்டிருந்தேன். அன்றோடு ஊசியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். இனி அவருடைய வேலையில் ஒரு தையல் போடுவதில்லை என்று தீர்மானித்தேன். கலைஞர்தானே, முடிக்கட்டும் என்று இருந்தேன். அவர் முடிக்கவில்லை. ஏழு வருஷத்தில் பதினோரு போர்வைகள் வீட்டில் சேர்ந்துவிட்டன. அதில் பாதிப் பாவம் என்னுடையது. மறுக்கவில்லை.

1931-ல் ஈஸ்டர் முடிந்ததும் மொரீஸ் கடற்கரை ஊரான வுங் டாவுக்குப் போனார். அங்கே ஓட்டல் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு, முப்பது கட்டிலுக்கும் போர்வை வேண்டும் என்றாராம். முப்பது! ஒன்றை முடிக்கத் துப்பில்லாத மனுஷர் முப்பதுக்குப் புறப்பட்டார். "ஒரு வாரம். வந்துடுவேன்" என்று தொப்பியைத் தூக்கி வைத்துக்கொண்டார். மே மாதம் வந்தது, ஜூன் வந்தது, அவர் வரவில்லை. அங்கே ஓட்டல் வராந்தாவில் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார் என்று போய் வந்தவர்கள் சொன்னார்கள். நாற்காலி அங்கேயும் கிடைத்துவிட்டது.

ஜூன் மாதக் கடைசியில் அநாதை மடத்தின் மாமேர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மடத்துத் தலைவியை நாங்கள் மாமேர் என்றுதான் சொல்வோம். தையல் கூடத்தை நடத்திவந்த பெண் ஊருக்குக் கப்பலேறிவிட்டாள். அந்த வேலை காலி, கூடவே கூடத்துக்குப் பின்னால் ஒரு அறையும் காலி. ஜன்னல் உள்ள அறை, கதவுக்குத் தனிப் பூட்டு. மாமேர் என்னை அங்கே நிற்கவைத்துப் பிரெஞ்சில் பேசினார். "உன் கை எனக்குத் தெரியும், மரி. ஆனால் உன் வீட்டுக்குள் போன துணி வெளியே வராது என்று ஊரே சொல்கிறது. எங்கள் விருந்தினர் கட்டிலுக்குக் கொடுத்ததும் மூன்று வருஷமாக அங்கேதான் இருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிறவளிடம் நாற்பது பிள்ளைகளின் துணியை எப்படிக் கொடுப்பது? பரலோக மாதா திருநாளுக்குள் எல்லாம் அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேரட்டும். ஒன்றுகூட மிஞ்சக் கூடாது."

திருநாள் ஆகஸ்ட் பதினைந்து. அன்று காலை மாதா சுரூபம் தெருவில் பவனி வரும்போது, ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலும் இருப்பதில் நல்ல துணியைத் தொங்கவிடுவது வழக்கம். ஆக மாமேர் யாரையும் விசாரிக்கவே வேண்டாம், அண்ணாந்து பார்த்தால் போதும். எனக்கு அந்த அறை வேண்டியிருந்தது. பசியில் சோறு வேண்டியிருப்பதுபோல் வேண்டியிருந்தது. ஏழு வாரம் இருந்தது. பெட்டிக்குள் வைத்த ஊசியை எடுத்தேன்.

பதினொன்றையும் தரையில் விரித்தபோது எனக்கு அருவருப்பாக இருந்தது. ஒவ்வொன்றிலும் நடுவில் நட்சத்திரம் ஜொலித்தது, சுற்றிலும் நூல் பிரிந்து தொங்கியது. இரண்டில் எலி குடும்பம் நடத்தியிருந்தது. சிறைச்சாலை வார்டர் ரோஜேயின் போர்வை புதிதல்ல, பழுது பார்க்கக் கொடுத்தது. மொரீஸ் மேல்துணியைப் பிரித்து எடுத்துவிட்டு, பஞ்சைக் கோணியில் கட்டி மூலையில் போட்டிருந்தார். அவ்வளவுதான் பழுது பார்த்தது.

பழைய போர்வையைப் பிரித்தால் அதைப் போர்த்தியவர் யாரென்று தெரிந்துவிடும். ரோஜேயின் போர்வையில் தலைமாட்டு ஓரம் மட்டும் ஒரு ஜாண் நீளத்துக்கு நைந்திருந்தது. அவருடைய தாடி உரசி உரசித் தேய்ந்த இடம். அவரோ துணி மட்டம் என்று மூன்று பேரிடம் சொல்லியிருந்தார். கால்மாட்டில் பெருவிரல் நகம் கிழித்த ஓட்டை இரண்டு. கைதிகளை நாள் முழுக்கச் சுத்தமாக இரு, ஒழுங்காக நில் என்று அதட்டுகிற மனுஷர் நகம் வெட்டமாட்டார். நைந்த இடத்துக்கு மேலே புதுத் துண்டை அப்பி மூடுகிறவர்கள் உண்டு. அது ஏமாற்று வேலை, ஒரே மாதத்தில் புதுத் துண்டு பழசைக் கிழித்துக்கொண்டு வரும். நைந்ததை நல்ல துணி வரும்வரை வெட்டி எறிந்து, அதே அளவு நைந்த வேறு பழந்துணியைத்தான் வைக்க வேண்டும். பஞ்சை வெயிலில் காயவைத்துக் கையால் பிய்த்துப் பிய்த்துப் பரப்பினேன். தலைமாட்டில் மட்டும் கழற்றித் துவைக்கிற மாதிரி தனியாக ஒரு பட்டை தைத்துக் கொடுத்தேன். "இது எதுக்கு?" என்று ரோஜே கேட்டார். "ஒங்க தாடிக்கு முசியே" என்றேன். மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு வாங்கிப் போனார். பத்து மிச்சம்.

அந்தப் பத்துக்கும் ஓரத்துக்குச் சிவப்புத் துணி வேண்டும். நட்சத்திரத்தைச் சுற்றியிருந்த சிவப்பு எல்லாவற்றிலும் ஒரே சிவப்பு, சின்னச் சின்ன மொக்குப் போட்டது. மொரீஸ் ஒரே துணிக்கட்டாக வாங்கி வருஷக்கணக்காக வெட்டியது. அந்தக் கட்டு எப்போதோ தீர்ந்துவிட்டது. எந்தச் சிவப்பாக இருந்தால் என்ன என்று சோலோன் சந்தைக்கு டிராமில் போய் ஒரு சிவப்பு வாங்கிவந்தேன். தையல் கூடத்தில் வளர்ந்தவள், புதுத் துணியை முதலில் நனைத்துப் பார்க்க வேண்டும் என்பது எட்டு வயதில் தெரிந்தது. அவசரத்தில் நனைக்காமல் ஒடெட்டின் போர்வைக்கு ஓரம் அடித்துவிட்டேன். கடைசியில் அழுக்குப் போகப் போர்வையைச் சோப்பு நீரில் அலசினேன். சந்தைச் சிவப்பு சாயத்தைக் கக்கிவிட்டது. ஒடெட்டின் வெள்ளை நட்சத்திரம் வெற்றிலை துப்பிய சுவராகிவிட்டது. மொரீஸை ஆயுள் முழுக்க ஏசினவள் அன்று என்னை ஏசிக்கொண்டேன்.

ஒடெட் வந்து பார்த்தாள். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "மொரீஸ் முடிக்காம வெச்சிருந்தாரு. நீ முடிச்சே வெச்சுட்ட" என்றாள். அவளுடைய மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சந்தை ஓரத்தைப் பிரித்து எறிந்துவிட்டு, எட்டு நாள் எலுமிச்சம்பழமும் சோப்பும் போட்டு அலசி அலசி மொட்டை மாடியில் காயப் போட்டேன். மத்தியானம் மழை வரும், ஓடிப்போய் எடுப்பேன். வெயில் வரும், மறுபடி போடுவேன். சாயம் போய்விட்டது. எட்டு நாளும் போய்விட்டது.

டோங் டு தெருவில், பள்ளிவாசலுக்கு எதிரே துணிக்கடை வைத்திருந்த அபுல் ஹசன் எங்கள் காரைக்கால்காரர். ஊர் வழக்கப்படி, அண்ணன் முறையில், அவரை நானா என்று கூப்பிடுவேன். மொரீஸுக்குச் சிவப்புக் கட்டை விற்றவர் அவர்தான். துண்டை அவரிடம் காட்டினேன். விரலில் தேய்த்துப் பார்த்தார், ஒரு நூலை உருவிப் பல்லில் கடித்துப் பார்த்தார்.

"இது இனிமே வராது தங்கச்சி. சாயம் போட்டவனும் இல்ல, அந்தப் பட்டறையும் இல்ல. தேடாதீங்க."

"வேற ஏதாவது குடுங்க நானா. சாயம் போவாததா."

"குடுக்கலாம். ஆனா பழசுக்குப் பக்கத்துல புதுச் சிவப்பு பல்லிளிக்கும்." பிறகு துண்டை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "வெளிய என்னாத்துக்குத் தேடுறீங்க? ஒங்க வூட்டுல கெடக்குமே. ஒங்க கல்யாணத்துக்குன்னு மொரீஸ் அந்தக் கட்டுலேர்ந்து பதினெட்டு முழம் எடுத்தாரே. நான்தான் அளந்து குடுத்தேன்."

இருந்தது. எங்கள் கல்யாணப் போர்வை. நான் கப்பலிலிருந்து இறங்கிய வாரத்தில் மொரீஸ் தொடங்கினார். நடுவில் நட்சத்திரம், சுற்றிலும் சிவப்பு, அடித்துணியும் சிவப்பு. அடித்துணியைக் கோத்துத்தான் வைத்திருந்தார், தைக்கவில்லை. "நமக்குத்தானே, மெதுவா முடிச்சுக்கலாம்" என்றார். ஊரார் வேலையை முடிக்கும்போதெல்லாம் எங்களுடையதை மட்டும் நான் தொடவில்லை. அதை அவரே முடிக்க வேண்டும் என்று இருந்தேன். பன்னிரண்டு வருஷம் நாப்தலின் உருண்டை போட்டுப் பெட்டியின் அடியில் வைத்திருந்தேன். வெளிச்சம் படாததால் சாயம் அப்படியே இருக்கும் என்று நினைத்தேன். கொஞ்சம் மங்கித்தான் இருந்தது. அதுவும் நல்லதாகப் போயிற்று, மற்றவற்றோடு ஒத்துப்போனது.

வெட்டுவதற்கு முன்னால் அழுதேன். சொல்லிவிடுவதில் என்ன. கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அரை மணி நேரம் அழுதேன். மனுஷருக்காக அல்ல. அவர் என்றைக்காவது முடிப்பார் என்று பன்னிரண்டு வருஷம் நம்பின முட்டாள்தனத்துக்காக அழுதேன். ஒடெட்டையும் ரோஜேயையும் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஏமாறுகிற ஜென்மங்கள் என்று சிரித்தவள் நான். அவர்கள் மூன்று வருஷம் காத்திருந்தார்கள், நான் பன்னிரண்டு வருஷம் காத்திருந்தேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, அடித்துணியை நான்கு விரல் அகலத்துக்குப் பட்டை பட்டையாக வெட்டினேன். அது போதவில்லை. நட்சத்திரத்தைச் சுற்றியிருந்ததையும் வெட்டினேன். பத்துப் போர்வைக்கும் ஓரம் வந்தது. கைக்குட்டை அளவு துண்டுகூட மிஞ்சவில்லை.

கடைசிப் போர்வையை ஆகஸ்ட் பதினான்காம் தேதி மத்தியானம் மடத்தில் கொடுத்தேன். வாங்கிக்கொண்ட சிஸ்டர், மாமேரிடம் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னாள். வலது கை ஆள்காட்டி விரலில் ஊசி குத்தாத இடம் இல்லை.

மறுநாள் காலை பவனி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் மொரீஸ் வந்து இறங்கினார். காலில் புதுச் சப்பாத்து, வெயிலில் கறுத்த முகம். முப்பது கட்டில் என்ன ஆனதென்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அடுத்த வெள்ளிக்கிழமை என்றிருப்பார். ஆண்கள் வரிசையில் போய் நின்றுகொண்டார். நான் பெண்கள் வரிசையில் நடந்தேன். முதல் திருப்பத்தில் ஒடெட்டின் மாடி ஜன்னலில் அவளுடைய போர்வை தொங்கியது. அதற்கடுத்த தெருவில் ரோஜேயுடையது. அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று. ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

ஒடெட்டின் புருஷன் மொரீஸின் தோளைத் தட்டி, "காத்திருந்தது வீண்போவல" என்றான். மொரீஸ் நெஞ்சில் கை வைத்துத் தலையைச் சாய்த்தார். ஒரு வார்த்தை மறுக்கவில்லை. ஒவ்வொரு வீட்டின் கீழும் அப்படியே தலையைச் சாய்த்தார். ஐந்தாவது வீடு வருவதற்குள் பக்கத்தில் நடந்தவருக்கு அந்தச் சிவப்பைத் தான் ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று விளக்கத் தொடங்கிவிட்டார். பின்னால் வந்த எனக்கு எல்லாம் காதில் விழுந்தது. அருள்நிறை மந்திரத்தைப் பாதியில் விட்டேன், மாதா மன்னிக்கட்டும்.

கோயில் படியில் மாமேர் நின்றிருந்தார். மொரீஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு முந்திப் போனார்.

"கடைசியில் எல்லாவற்றையும் முடித்துவிட்டீர்களே, முசியே மொரீஸ்" என்றார் மாமேர்.

"உய், ஆமா மாமேர். நல்ல வேலைக்கு நேரம் பிடிக்கும்."

"ஓரம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. துணியை முன்னாலிருந்து பின்னால் மடித்தீர்களா, பின்னாலிருந்து முன்னால் மடித்தீர்களா?"

மொரீஸ் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. "முன்னாலேர்ந்துதான் மாமேர். எப்பவும் அப்படித்தான்."

பின்னாலிருந்து முன்னால் மடித்துத்தான் நான் அடித்திருந்தேன். பதினொன்றிலும் அப்படித்தான். மாமேர் இடுப்புக் கயிற்றிலிருந்து ஒரு சாவியைக் கழற்றி, மொரீஸின் தோளைத் தாண்டிக் கையை நீட்டி என்னிடம் கொடுத்தார். "இன்றைக்கே வந்துவிடலாம்" என்றார்.

அது என்ன சாவி என்று வீடு வரும்வரை மொரீஸ் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக் கழற்றாமல் நாற்காலியில் விழுந்தார். ஊரே தன்னை மெச்சிய சந்தோஷம் முகத்தில் வழிந்தது.

"மரி, ஊரு பூராவும் நம்ம வேலை தொங்குது. நம்ம வூட்டு ஜன்னல் மட்டும் மொட்டையா கெடக்கே. நம்ம கல்யாணப் போர்வைய எடுத்துப் போடேன்."

"அது இல்லீங்க. வெட்டிட்டேன்."

"வெட்டிட்டியா? எதுக்கு?"

"நீங்க இப்ப அண்ணாந்து பாத்துக்கிட்டே வந்தீங்களே, அந்த ஓரமெல்லாம் அதுதான்."

அவர் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார் என்றுதான் நினைக்கிறேன். "அதா? அது வேற சிவப்புன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

பத்து ஜன்னல். பத்திலும் எங்கள் போர்வை தொங்கியது. அதன் அடியில் நடந்து, அண்ணாந்து பார்த்து, அதைப் பற்றிப் பிரசங்கமும் செய்துவிட்டு வந்தவருக்கு அது தெரியவில்லை. நான் அழுத அரை மணி நேரம் எனக்கு ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. இவருக்காகவா என்று இருந்தது.

அவர் திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் இப்போதுதான் பதைப்பு வந்தது. "நட்சத்திரம்? என் நட்சத்திரத்தையும் வெட்டிட்டியா?"

"இல்ல. அது இருக்கு."

பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். சுற்றிலும் நூல் தொங்க, தட்டு அகலத்துக்கு அது மட்டும் இருந்தது. வாங்கி மடியில் விரித்துக்கொண்டார். விரலால் ஒவ்வொரு முனையாகத் தொட்டுப் பார்த்தார். அவருடைய பதைப்பு போய்விட்டது, காப்பி எங்கே என்று பக்கவாட்டில் கை தேடியது. நான் என்னுடைய துணிகளை மூட்டை கட்டினேன். ஊசிப் பெட்டியை மேலே வைத்தேன். கதவருகே போனபோது அவர் தலையைத் தூக்கினார். எங்கே போகிறாய் என்று கேட்பார் என்று ஒரு நொடி நின்றேன்.

"மரி, போறதுக்கு முந்தி இதுக்கு ஒரு ஓரம் மட்டும் அடிச்சுக் குடுத்துட்டுப் போ" என்றார்.